கேபிளில் வரும் நெட் அடிக்கடி கட் ஆகிறதா? ரவுட்டரை அணைக்கும் முன் இதைப் பாருங்கள்

நெட் கட் ஆனதும் எல்லோரும் முதலில் செய்வது ரவுட்டரை அணைத்துப் போடுவது. பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். தொல்லையே அங்கேதான் இருக்கிறது. அணைத்துப் போட்டால் கேபிள் இணைப்பு, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு சாதனத்தின் எண்), ரவுட்டரின் நினைவகம் எல்லாம் ஒரே நேரத்தில் புதிதாகத் தொடங்கும். எது கெட்டிருந்தது என்ற தடயம் அதோடு போய்விடும். மறுநாள் மறுபடி கட் ஆகும், மறுபடி அணைப்போம். கடைசியில் ரவுட்டரையே மாற்றுவோம். பழுது என்னவோ ஒரு வெள்ளி பெறாத பிளக்கில் இருந்திருக்கும்.

இங்கே சொல்வது சின்ன நெட்வொர்க்குக்கு. சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துக் கடைவீடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கீழே கல்லாவில் ஒரு கணினி, அட்டையில் பணம் வாங்கும் ஒரு நெட்ஸ் இயந்திரம். மேலே கணக்கு எழுத இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், நான்கு கேமரா, அவற்றின் பதிவுப் பெட்டி. எல்லாம் ஒன்றிரண்டு சுவிட்ச் (பல நெட் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) வழியாக ரவுட்டருக்குப் போகின்றன. அறைக்கு அறை லேன் பாயின்ட் (நெட் கேபிள் சொருகும் சுவர்த் துளை) உள்ள வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கும் இதே முறைதான்.

முதல் வேலை: எந்த இடத்தில் கட் ஆகிறது?

அடிக்கடி கட் ஆகும் கணினியில் முதலில் வைஃபையை அணையுங்கள். இல்லையென்றால் கேபிள் போன நொடியில் விண்டோஸ் சத்தமில்லாமல் வைஃபைக்குத் தாவிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை மூன்று முறை திறந்து, மூன்றிலும் பிங் கட்டளையை மைனஸ் டி சேர்த்து (ping -t, பிறகு முகவரி) ஓட விடுங்கள். ஒரு சாதனத்தைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பிங். கன்ட்ரோல்-சி அழுத்தும்வரை நிற்காது. ஒன்று கேமரா பதிவுப் பெட்டிக்கு. (பிரிண்டர் வேண்டாம், அது இடையில் தூங்கிவிடும்.) ஒன்று ரவுட்டருக்கு. ஒன்று வெளியே, இணையத்தில் உள்ள பொது முகவரியான 8.8.8.8 அல்லது 1.1.1.1க்கு. ரவுட்டரின் முகவரி தெரியாவிட்டால் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். டீஃபால்ட் கேட்வே வரியில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1.

இப்போது கட் ஆகும்வரை காத்திருங்கள். வெளியே போகும் பிங் மட்டும் நின்றால் உங்கள் கேபிள்களில் குற்றமில்லை. ரவுட்டரையும் அதற்கு அப்பாலும் பாருங்கள். பதிவுப் பெட்டி பதில் சொல்கிறது, ரவுட்டரும் வெளியும் சொல்லவில்லை என்றால் சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள கேபிள், அல்லது ரவுட்டர். மூன்றும் ஒன்றாக நின்றால் அந்தக் கணினி, அதன் கேபிள், அதன் போர்ட், இல்லை சுவிட்சே காரணம். பக்கத்துக் கணினியும் அதே நொடியில் நின்றதா என்று கேட்டால் அது சுவிட்சா இல்லையா என்று தெரிந்துவிடும்.

திரையில் வரும் செய்தியையும் படியுங்கள், அதில் பாதி விடை இருக்கிறது. 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்தால் பெரும்பாலும் கணினியின் பார்வையில் கேபிளே பிடுங்கப்பட்டுவிட்டது. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் கேபிள் இருக்கிறது, பதில்தான் வரவில்லை. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்ற செய்தி உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், எதிர்ப்பக்கச் சாதனம் இதே நெட்வொர்க்கில் இருப்பதாகவே தெரியவில்லை என்று பொருள். நல்ல நிலையில் உள்ள கேபிள் நெட்வொர்க்கில் பதிவுப் பெட்டிக்குப் போய்வரப் பெரும்பாலும் ஒரு மில்லிவினாடிக்கு மேல் ஆகாது.

பிங் வினாடிக்கு ஒரு முறைதான் தட்டிப் பார்க்கும், சின்ன வெட்டைத் தவறவிடலாம். அதற்கு ஈவன்ட் வியூவர் இருக்கிறது: விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். இன்டெல் நெட்வொர்க் கார்டு என்றால் இணைப்பு அறுந்ததற்கு 27 என்ற எண்ணிலும் திரும்ப வந்ததற்கு வேறு எண்ணிலும் (1 ஜிகாபிட்டில் வந்தால் 32) பதிவு விழும். திரும்ப வந்த பதிவில் வேகமும் இருக்கும். 1 ஜிகாபிட்டில் போனது 100 மெகாபிட்டில் திரும்பி வந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு கேபிளுக்குப் போங்கள். நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே இடைவெளியில் வருகிறதா, ஆள் நாற்காலியை நகர்த்தும்போதா, மாலையில் மட்டுமா என்பது அந்தத் தாளில்தான் தெரியும்.

கேபிள்

சின்ன நெட்வொர்க்கில் அடிக்கடி குற்றவாளியாவது கேபிளின் இரண்டு முனைகள். நடுப்பகுதி அவ்வளவாகக் கெடாது.

100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும்: 1, 2, 3, 6. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் 4, 5, 7, 8இல் ஒன்று அறுந்தாலும் நெட் 'ஓடும்'. சுவிட்சும் கணினியும் ஜிகாபிட்டுக்கு முயன்று, தோற்று, 100க்கு இறங்கிவிடும். அறுந்த கம்பி முழுக்க விடுபடாமல் தொட்டும் தொடாமலும் இருந்தால் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் விளக்கு அணைந்து சில வினாடி கழித்து எரியும். நிர்வகிக்கக்கூடிய சுவிட்சில் பழைய வகை ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வட்டமாகச் சுற்றி இணைவதைத் தடுக்கும் முறை) ஓடினால் இன்னும் மோசம்: விளக்கு வந்த பிறகும் 15 வினாடி கேட்கும், 15 வினாடி கற்கும், அப்புறம்தான் கதவு திறக்கும். ஒரு நொடிச் சிமிட்டல் அரை நிமிட வெட்டாகிவிடுகிறது.

சோதனை எளிது. கடையில் வாங்கிய, ஆலையிலேயே பிளக் போட்டு வந்த, போதிய நீளமுள்ள கேட்5ஈ அல்லது கேட்6 கேபிள் ஒன்றை எடுங்கள். சுவர் பாயின்ட் எதையும் தொடாமல் சுவிட்சிலிருந்து கணினிவரை தரையிலேயே ஓட்டி, ஆள் தடுக்காதபடி டேப் ஒட்டி, ஒருநாள் விடுங்கள். வெட்டு நின்றால் பழைய வழித்தடத்தில் எங்கோ கோளாறு. நிற்காவிட்டால் அதே கேபிளைச் சுவிட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது; கெட்ட போர்ட்டில் அடுத்த வாரம் நெட்ஸ் இயந்திரத்தைச் சொருகி வைப்பீர்கள்.

கோளாறு பழைய கேபிளில் என்று தெரிந்தபின், பிங் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்கையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள், கண் விளக்கின்மேல் இருக்கட்டும். பிளக்கின் பின்புறம் பாருங்கள்: வெளி உறை பிளக்குக்குள் போய்க் கவ்வப்பட்டிருக்க வேண்டும். வண்ணக் கம்பிகள் வெளியே தெரிந்தால் இழுவை முழுவதும் அந்த மெல்லிய கம்பிகள்மேல் விழுகிறது. முன்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டுக் கம்பியின் நுனியும் பிளாஸ்டிக்கின் முன்சுவரைத் தொட வேண்டும். கெட்ட பிளக்கில் ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் பின்தங்கி நிற்கும். தகடு அதன் ஓரத்தைத்தான் கடித்திருக்கும். ஏசி ஓடும்போது தொடும், ஏசியை அணைத்து அறை சூடேறியதும் விடும். பூட்டும் நாக்கு உடைந்த பிளக்கை டேப் சுற்றிப் பயன்படுத்துவது வீண் வேலை, வெட்டிப் போடுங்கள்.

வண்ண வரிசையில் ஒரு பொல்லாத தவறு உண்டு. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பார்க்க அழகாக வரிசையாக அடுக்கிவிடுவார்கள், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. எட்டு விளக்கு எரியும் மலிவு டெஸ்டர் 'சரி' என்றே சொல்லும், ஏனென்றால் 1க்கு 1, 2க்கு 2 என்று எல்லாம் சேர்கிறது. ஆனால் 3உம் 6உம் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்க வேண்டும்; இங்கே அவை வேறு வேறு ஜோடியில் போய்விட்டன. முறுக்கு இல்லாத இரண்டு கம்பி பக்கத்து ஜோடியின் சத்தத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இரண்டு மீட்டருக்கு ஓடும், இருபது மீட்டருக்குத் தள்ளாடும். 568பி முறையில் சரியான வரிசை, நாக்கு கீழே, தகடுகள் மேலே, கேபிள் உங்கள் பக்கம், இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

நீங்களே பிளக் போடுவதானால்: உறையை சுமார் 3 செ.மீ. உரியுங்கள், கம்பியில் கத்தி படக்கூடாது. வரிசைப்படுத்தி நேராக்கி, 12, 13 மி.மீ. விட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். முறுக்குப் பிரிந்த நீளம் 13 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பிளக்குக்குள் கடைசிவரை தள்ளி, உறை கவ்வும் இடத்துக்கு வந்ததா என்று பார்த்த பிறகே கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்தி இறுக்குங்கள்). ஒற்றைக் கம்பி கேபிளுக்கும் பல இழைக் கம்பி கேபிளுக்கும் பிளக் வேறு. மாற்றிப் போட்டால் நாளடைவில் தளரும். கம்பி முன்பக்கம் வெளியே வரும் வகைப் பிளக்கில் நுனிகளை ஒட்ட வெட்டாவிட்டால் ஒன்றோடொன்று உரசும். உண்மையில் சுவருக்குள் போகும் கேபிளுக்குப் பிளக் போடவே கூடாது என்பது எங்கள் கருத்து. அதைச் சுவரில் ஒரு ஜாக்கில் (பிளக் சொருகும் துளை) அடித்து நிறுத்திவிட்டு, ஜாக்கிலிருந்து கணினிக்குக் கடையில் வாங்கிய சிறு கேபிள் போடுங்கள். ஆடுவது அந்தச் சிறு கேபிள் மட்டுமே, கெட்டால் மாற்றிவிடலாம்.

வாங்கும்போது 'சிசிஏ' (CCA) என்று அச்சிட்ட கேபிளைத் தவிருங்கள். அது அலுமினியக் கம்பிமேல் செம்புப் பூச்சு. கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். மடித்தால் எளிதில் ஒடியும், தடை அதிகம், பிஓஇ கேமராவுக்கு (நெட் கேபிளிலேயே மின்சாரம் பெறும் வகை) மின்சாரம் சரியாகப் போய்ச் சேராது. சிம் லிம் ஸ்கொயர் மின்னணுக் கடைகளில் முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள்.

வழித்தடத்தில் பார்க்க வேண்டியவை: 1990களின் இறுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் பாம் ஷெல்டருக்குள் (வெடிகுண்டுக் காப்பறை) ரவுட்டரை வைத்துவிட்டு, கேபிளைக் கதவிடுக்கு வழியாக வெளியே விடுபவர்கள் உண்டு. அந்த இரும்புக் கதவு ஒவ்வொரு தடவை மூடும்போதும் கேபிளை நசுக்கும். ஏசி குழாயோடு ஒரே டிரங்கிங்கில் (கேபிள் மூடும் நீளப் பெட்டி) போகும் கேபிளில் நீர் சொட்டி ஜாக்கில் பச்சை பூத்திருக்கும். சாப்பாட்டுக் கடைச் சமையலறை அருகில் எண்ணெய்ப் பசை ஏறும். சுவர்ப் பெட்டிக்குள் பல்லி முட்டை இருந்தாலும் வியப்பில்லை. பச்சை பூத்த ஜாக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைப்பது தற்காலிகம்தான், ஜாக்கை மாற்றுங்கள். மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும், கடைவீட்டில் அது தாண்டாது. மின்சார வயர் பக்கத்தில் போவதால்தான் கட் ஆகிறது என்று பலர் சொல்வார்கள். நல்ல முறுக்குக் கேபிளில் அது அரிது, கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

சுவிட்சும் அடாப்டரும்

எல்லாக் கணினியும் ஒன்றாகப் போய், எல்லா விளக்கும் ஒரு கணம் அணைந்து மறுபடி வந்தால் சுவிட்ச் தானே மறுதொடக்கம் ஆகிறது. முதல் சந்தேகம் சுவிட்சின்மேல் வேண்டாம், அதன் அடாப்டர்மேல். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் சூட்டில் வறண்டு போகும். மல்ட்டிமீட்டரில் சும்மா அளந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். சுமை ஏறியதும் இறங்கும். அதே வோல்ட், அதே துருவம், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள, சேஃப்டி மார்க் போட்ட அடாப்டரை மாற்றிப் பாருங்கள். ஓஎன்டி (வெளியிலிருந்து ஃபைபர் வந்து சேரும் பெட்டி), ரவுட்டர், சுவிட்ச் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கதவு மூடிய அலமாரியில் வைத்திருந்தால் பிரித்து வையுங்கள்.

மாலை 7 மணிக்கு மேல் மட்டும் கேமராக்கள் போய்ப் போய் வருகிறதா? இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, மின்தேவை கூடுகிறது. பழைய பிஓஇ வகை ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், பிஓஇ பிளஸ் 30 வாட். ஆனால் சுவிட்சுக்கு மொத்த வரம்பு என்று தனியாக ஒன்று உண்டு, அடிப்பக்க லேபிளில் அல்லது கையேட்டில் இருக்கும். கேமராக்களின் உச்சத் தேவையைக் கூட்டி அதோடு ஒப்பிடுங்கள்.

இடி மின்னல் அதிகமுள்ள ஊர் இது. மின்னலுக்குப் பிறகு ஒரு போர்ட் முழுதாகச் சாகாமல் அரை உயிராக இருப்பதுண்டு: 100இல் மட்டும் ஓடும், சூடானால் விடும். அந்தப் போர்ட்டில் டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

விளக்கு எரிகிறது, நெட் மட்டும் இல்லை

சுவிட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறித்தனமாகச் சிமிட்டினால் லூப், அதாவது கேபிள் சுற்றிவந்து அதே சுவிட்சில் சேர்ந்திருக்கிறது. மேசைக்கடியில் தனியாகத் தொங்கிய முனையை யாரோ 'உதவியாக' அதே சுவிட்சில் சொருகியிருப்பார்கள். இரண்டு போர்ட் உள்ள ஐபி போனின் இரண்டையும் சுவரில் சொருகினாலும் இதேதான். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் அடங்குகிறதோ அது.

அடுத்தது இரண்டு ரவுட்டர். மேல்மாடியில் வைஃபை எட்டவில்லை என்று ஒரு பழைய ரவுட்டரை வாங்கி அதன் லேன் போர்ட்டில் கேபிளைச் சொருகிவிடுகிறார்கள். அதன் டிஎச்சிபி (தானாக முகவரி வழங்கும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு ரவுட்டரும் முகவரி வழங்கும். காலையில் கடை திறந்ததும் சில கணினி சரி, சில இல்லை. நாளுக்கு நாள் மாறும். இரண்டுமே 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டால் குழப்பம் முற்றும். கண்டுபிடிக்க: நெட் நன்றாக இருக்கும்போது ஏஆர்பி மைனஸ் ஏ (arp -a) என்று அடித்து, ரவுட்டர் முகவரிக்கு எதிரே உள்ள மேக் முகவரியை (சாதனத்தின் சொந்த வன்பொருள் எண்) குறித்துக்கொள்ளுங்கள். கட் ஆனபோது மறுபடி பாருங்கள். மாறியிருந்தால் வேறொரு பெட்டி அந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (வைஃபை மட்டும் தரும், முகவரி வழங்காது) மாற்றுங்கள், அல்லது அதன் டிஎச்சிபியை அணைத்து முகவரியையும் மாற்றுங்கள்.

பிரிண்டருக்குக் கையால் கொடுத்த முகவரியிலும் இதே வம்பு வரும். ரவுட்டர் முகவரியின் கடைசி எண்ணாக 100 முதல் 200 வரை வழங்குகிறது, நீங்கள் பிரிண்டருக்கு 150 வைத்தீர்கள் என்றால் என்றைக்காவது ஒரு கைப்பேசிக்கு 150 கிடைக்கும். கையால் கொடுப்பதை 100க்குக் கீழே வையுங்கள். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு முகவரி வழங்க யாருமே பதில் சொல்லவில்லை.

கணினி

ஒரே கணினி, கேபிளும் போர்ட்டும் மாற்றியும் நிற்கவில்லை என்றால் அதன் நெட்வொர்க் கார்டு. டிவைஸ் மேனேஜரில் கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் முதல் டிக்கை எடுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை அணையுங்கள். 2.5 ஜிகாபிட் இன்டெல் ஐ225-வி, ஐ226-வி கார்டுகளில் இணைப்பு அறும் புகார் பரவலாக வந்தது. அவற்றுக்குப் புதிய டிரைவரையும் போடுங்கள், வேகத்தை 1 ஜிகாபிட்டுக்கு இறக்கியும் சோதியுங்கள். ஆனால் '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று கையால் பூட்டிவிடாதீர்கள். எதிர்ப்பக்கச் சுவிட்ச் தானியங்கியில் இருப்பதால் அது ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும். பிங் சரியாகப் போகும், பெரிய கோப்பு அனுப்பினால் தவழும்.

வெளியே

வெளிப்பக்கம்தான் என்று முடிவானால் ஓஎன்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தால் ஃபைபர் ஒளி வரவில்லை. ஃபைபர் கயிறு பெட்டிக்குப் பின்னால் கூர்மையாக மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து நேராக்குங்கள். முனையைக் கழற்றி உள்ளே பார்க்காதீர்கள், சட்டையால் துடைக்காதீர்கள். சுவர்ப் பெட்டி, ஃபைபர் கட்டமைப்பை நடத்தும் நெட்லிங்க் டிரஸ்ட்டின் வலைப்பின்னலைச் சேர்ந்தது, ஆனாலும் புகாரை உங்கள் இணையச் சேவை நிறுவனம் வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

அழைப்பதற்கு முன் ரவுட்டரை விலக்கி, ஓஎன்டியிலிருந்து நேராக ஒரு மடிக்கணினிக்குக் கேபிள் போட்டு, ஓஎன்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டு (சில சேவைகளில் புதிய சாதனத்தை அது அப்போதுதான் ஏற்கும்) பிங்கை ஓட விடுங்கள். நேரடி இணைப்பில் ரவுட்டரின் பாதுகாப்பு இல்லை, ஃபயர்வால் இயங்கட்டும். அப்போதும் கட் ஆனால் எந்தெந்த நேரம், எத்தனை வினாடி, அப்போது எல்ஓஎஸ் விளக்கின் நிறம் என்ன, ரவுட்டர் இல்லாமலே சோதித்தது ஆகிய நான்கையும் எடுத்த எடுப்பில் சொல்லுங்கள். 'ரவுட்டரை அணைத்துப் போட்டீர்களா' என்ற கேள்வியைத் தாண்டி ஆள் அனுப்புவது பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.